மௌனத்தின் விலை: கஞ்சாச் சந்தையும் நுகர்வோர் மறைப்பும்

கஞ்சாவைப் பொருளாகக் கொண்ட கட்டுரையொன்று தமிழ்ச் சங்க மலரொன்றிலே இடம்பெறுவது வாசகர் சிலருக்கு முகச்சுளிப்பை உண்டாக்கலாம். 1929ஆம் ஆண்டின் நஞ்சுவகைகள், அபின், அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் நிழலில் இருந்து எழுதும் எமக்கு அம்மூலிகையை விதந்துரைக்கும் நோக்கம் எதுவுமில்லை. எமது நாட்டம் வேறு. தடைசெய்யப்பட்டிருந்த ஒரு பொருள் சந்தைப் பண்டமாக மாறும்பொழுது அதனை நுகரும் மனிதரிடையேயுள்ள உறவுகளுக்கு என்ன நேர்கின்றது என்பதை எமது காலத்திலேயே, எமது கண்முன்னாலேயே நிகழ்த்திக் காட்டியது வட அமெரிக்கக் கஞ்சாச் சந்தை. சமூக விஞ்ஞானம் பயில்வோருக்கு இத்தகையதோர் ஆய்வுகூடம் எளிதிலே வாய்ப்பதில்லை.

கொலராடோ மாநிலம் 2012இல் வாக்கெடுப்பின் மூலம் கஞ்சாவை அனுமதித்து 2014 சனவரி முதலாந் திகதி கடைகளைத் திறந்தது. கலிபோர்னியா 2016இல் 64ஆம் பிரேரணையை நிறைவேற்றி 2018 சனவரியிலே விற்பனையைத் தொடங்கிற்று. அதே ஆண்டு ஒக்டோபர் 17ஆந் திகதி கனடா நாடு முழுவதிலும் அது சட்டபூர்வமாயிற்று. இக்கடைகளிலே பெருங் கம்பனிகளின் சரக்கு அடுக்கடுக்காகக் கிடக்கும். அதனிடையே எப்போதாவது சிறு செய்கையாளர் ஒருவரின் அறுவடை சிறுதொகையாக வந்து ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். அதன் அருமையை அறிந்தவர்கள் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. எந்தக் கடையிலே வந்தது, எவர் வளர்த்தது, எந்த நாளில் மறுபடி வரும் என்று நண்பரே கேட்டாலும் மழுப்பிவிடுவார்கள். சொன்னால் அடுத்த முறை தமக்குக் கிடையாது என்பதே அவர்கள் கூறும் நியாயம். இதைச் சிலர் வெட்கத்தோடும் வேறு சிலர் ஒருவகைப் பெருமிதத்தோடும் ஒப்புக்கொள்கின்றனர்.

இம்மறைப்புக்கு இரு விளக்கங்கள் வழக்கிலுள்ளன. இது வெறுஞ் சுயநலம் என்பர் அறநோக்கினர். வழங்கல் மட்டுப்பட்டவிடத்துத் தகவலை மறைப்பது பகுத்தறிவுள்ள தனிமனிதனின் இயல்பு என்பர் பொருளியலார். முன்னையவர் பழி சுமத்துகின்றனர்; பின்னையவர் பழியைத் துடைத்துவிடுகின்றனர். இருசாராரும் தனிமனிதனிலேயே தொடங்கித் தனிமனிதனிலேயே முடிக்கின்றனர். அத்தனிமனிதன் எங்கிருந்து வந்தான், அவனுக்கு இந்தச் சுவை எவ்வாறு கைவந்தது என்ற வினா அவர்களுக்கு எழுவதேயில்லை.

அவ்வினாவுக்கு விடை 1953இலேயே தரப்பட்டுவிட்டது. ஹவார்ட் பெக்கர் என்ற சமூகவியலாளர் (அவர் ஜாஸ் இசைக்குழுக்களிலே பியானோ வாசித்தவருமாவார்) கஞ்சா நுகர்வோர் ஐம்பதின்மரைச் செவ்வி கண்டு எழுதிய ஆய்வு அமெரிக்கச் சமூகவியற் சஞ்சிகையிலே வெளிவந்தது. பின்னர் 1963இல் வெளிவந்த அவரது நூலிலும் அது இடம்பெற்றது. முதன்முறை புகைப்பவனுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. புகையை உள்ளிழுக்கும் முறையையும், அதன் விளைவை இனங்காணும் முறையையும், அவ்விளைவை இன்பமென உணரும் முறையையும் அவன் பிறரிடமிருந்தே கற்கின்றான் என்பது பெக்கரின் முடிபு. அதாவது இன்பம் செடியில் மட்டும் இருப்பதன்று. கூட்டத்தில் இருந்து வருவது. அவ்வாறாயின் இன்று தன் போத்தலின் பெயரை மறைப்பவன், ஒருகாலத்தில் எவரோ தன்னிடம் மறைக்காததால் உருவானவன். கடன்பட்டுச் சேர்த்த செல்வத்தைச் சுயார்ச்சிதமென உரிமை கோரும் செயலன்றி இது வேறென்ன?

இனி, மௌனம் இச்சமூகத்துக்குப் புதியதன்று என்று ஒருவர் மறுக்கலாம். மெய்தான். 1983 முதல் கலிபோர்னியாவின் வடபகுதியிலே, ஹம்போல்ட், மென்டொசினோ, டிரினிற்றி மாவட்டங்களின் மலைகளுக்கு மேலே, கஞ்சாத் தோட்டங்களைத் தேடி ஹெலிகொப்டர்கள் பறந்தன. அயலான் பெயரைச் சொல்வது அவனைச் சிறைக்கு அனுப்புவதற்குச் சமமாக இருந்த காலம் அது. வாய் மூடியிருத்தல் அன்று ஒருவர் மற்றவரைக் காக்கும் ஒழுக்கமாக இருந்தது. எமது விமர்சன உலகிலே உருவம், உள்ளடக்கம் பற்றிய விவாதங்கள் நெடுங்காலம் நிகழ்ந்துள்ளன. அவ்விவாதங்களில் ஊறியவர்களுக்கு இங்கு நிகழ்ந்த மாற்றத்தைக் கண்டுகொள்வது அரிதாகாது. உருவம் அதே மௌனம், உள்ளடக்கமோ தலைகீழாகிவிட்டது. அன்று அரசிடமிருந்து அயலானைக் காத்த மௌனம் இன்று அயலானிடமிருந்து போத்தலைக் காக்கின்றது. பழைய ஒழுக்கத்தின் பெயரைச் சொல்லிப் புதிய வழக்கத்தை நியாயப்படுத்துவோரை நாம் இவ்விடத்திலேயே மறித்து நிறுத்துதல் வேண்டும்.

அக்காலத்தின் மறுபாதியையும் இவர்கள் மறந்துவிடுகின்றனர். 1980களில் சான் பிரான்சிஸ்கோ நகரிலே எயிட்ஸ் நோய் இளைஞரை வாரிக்கொண்டு சென்றபோது, மேரி ஜேன் ராத்பன் என்ற முதியவர் கஞ்சா சேர்த்த பலகாரங்களைச் சுட்டு நோயாளருக்கு இலவசமாக வழங்கினார். பலமுறை கைதானார். அவரது நண்பர் டெனிஸ் பெரோன் நோயாளருக்கெனக் கூட்டகம் ஒன்றை நடத்தினார். 1996இல் மருத்துவத் தேவைக்குக் கஞ்சாவை அனுமதித்த 215ஆம் பிரேரணை இம்முயற்சிகளின் வயிற்றிலே பிறந்ததாகும். பின்னர் நடந்ததைக் கவனிக்க. 2018இல் முழுச் சட்டச் சந்தை வந்தபோது, நோயாளருக்கு இலவசமாக வழங்கப்பட்ட கஞ்சாவும் விற்பனைப் பண்டம் போன்றே வரிக்கு உள்ளாயிற்று. கொடைத் திட்டங்கள் பல நின்றுபோயின. அவ்விருவர் பெயரையும் தாங்கிய சட்டமொன்று 2019இல் நிறைவேறிய பின்னரே அவ்வரி நீங்கிற்று. குற்றமாக இருந்த காலத்திலே கொடுக்க முடிந்தது. குற்றமல்லாத காலத்திலே கொடுப்பதற்குத் தனிச்சட்டம் வேண்டியதாயிற்று. நுகர்வோனின் மௌனத்தை இப்பின்னணியில் வைத்து நோக்கும்போதே அதன் உண்மைப் பரிமாணம் புலப்படும். அவனுக்குக் கொடுக்க மறந்துபோனமைக்குச் சந்தையே முதற்காரணம். ஆயின் அது அவனை முற்றாக விடுதலை செய்துவிடாது. அதனைப் பின்னர் கூறுவாம்.

பற்றாக்குறை என்கிறார்களே, அது எத்தகைய பற்றாக்குறை? ஒறிகன் மாநிலத்தின் மதுபானக் கட்டுப்பாட்டு ஆணைக்குழு 2019 தொடக்கத்திலே சட்டசபைக்கு அளித்த அறிக்கையின்படி, அம்மாநிலத்தின் கையிருப்பு ஆறரை ஆண்டு நுகர்வுக்குப் போதுமானதாக இருந்தது. கனடாவிலே உரிமம் பெற்ற உற்பத்தியாளர் 2021ஆம் ஆண்டில் மட்டும் விற்க முடியாத உலர் கஞ்சா 400 தொன்னுக்கு மேல் அழித்தனர். ஒருபக்கம் அழிப்பதற்கு மலைபோற் சரக்கு. மறுபக்கம் ஒரு போத்தலுக்காக நண்பனிடம் பொய். இம்முரண்பாட்டை விளக்காத எந்த விளக்கமும் விளக்கமாகாது.

நல்ல சரக்கு அரிதாவதற்கு இயற்கைக் காரணங்கள் இல்லாமலில்லை. அறுத்த பூவை அவசரமின்றி நிழலிலே உலர்த்தி, மூடிய கலங்களிலே வாரக்கணக்காகப் பதப்படுத்தி, இலையைக் கையாலே நறுக்கி எடுப்பதற்கு ஆளும் நாளும் வேண்டும். இயந்திரத்தாற் செதுக்கி விரைந்து உலர்த்தியவற்றிலே மணம் நிற்பதில்லை. அடுத்து, விரும்பப்படும் பேதங்கள் பல விதையிலிருந்து அப்படியே பெறமுடியாதவை. விதை வேறு வேறு குணமுடைய செடிகளைத் தரும். ஆதலாற் தாய்ச்செடியிலிருந்து வெட்டுத்துண்டங்களை எடுத்துப் பதிய முறையிலேயே இனம்பெருக்க வேண்டும். எனினும் ஒரு தாய்ச்செடியிலிருந்து எத்தனையோ வெட்டுத்துண்டங்களை எடுக்கலாம் என்பதை மறத்தலாகாது. பிரெட் ஹேர்ஷ் 1976இல் எழுதிய நூலிலே, பெருக்கவே இயலாத பண்டங்கள் சிலவுண்டு என்றார். எல்லோருக்கும் கிடைத்தால் எவருக்கும் பயனற்றுப்போகும் பண்டங்கள் அவை. மலையுச்சியிலுள்ள வீடு அத்தகையது. கஞ்சாப் பூ அத்தகையதன்று. அதனை மலையுச்சி வீடாக்கியது சந்தை. எண்ணிட்ட போத்தல், முன்னறிவித்த வெளியீட்டு நாள், விடியற்காலை வரிசை ஆகிய உத்திகளெல்லாம் இளைஞரின் காலணி வியாபாரத்திலே பழகிப்போனவை. கஞ்சா வியாபாரிகள் அவற்றை இரவல் வாங்கிக்கொண்டனர்.

சட்டமும் தன் பங்கைச் செய்தது. கலிபோர்னியாவின் 64ஆம் பிரேரணை, முதல் ஐந்தாண்டுகளுக்குப் பெருந்தோட்ட உரிமம் வழங்கப்படமாட்டாது என்று சிறு செய்கையாளருக்கு வாக்களித்தது. 2017 நவம்பரிலே வெளியான அவசர ஒழுங்குவிதிகளோ, ஒருவரே சிறு உரிமங்களை எத்தனை வேண்டுமாயினும் அடுக்கிக்கொள்ள இடங்கொடுத்தன. சிறு உரிமங்கள் நூறு சேர்ந்தாற் பெருந்தோட்டம் அல்லாது வேறென்ன? கனடாவிலே நுண்செய்கை உரிமம் பெற்றவர் முதலிலே 200 சதுர மீற்றர் பரப்புக்குள் அடங்க வேண்டியிருந்தது. 2025இலேயே அது 800 ஆயிற்று. அதற்குள் எத்தனையோ பேர் தொழிலை விட்டகன்றிருந்தனர்.

இத்தனையும் நுகர்வோனுக்குச் சார்பான சாட்சியங்களே. இனி எதிரான சாட்சியத்துக்கு வருவோம்.

இச்சந்தையிலே சுட்டுத்துண்டை நம்பவியலாது என்பது நிறுவப்பட்ட உண்மை. கொலராடோவிலே பத்துக் கடைகளிற் பெற்ற 23 மாதிரிகளைப் பரிசோதித்து 2023இல் வெளியான ஆய்வொன்று, அவற்றுள் ஏறத்தாழ 70 சதவீதமானவற்றிலே போதைப்பொருளின் செறிவு சுட்டுத்துண்டு கூறியதிலும் 15 சதவீதத்துக்கு மேற்பட்ட குறைவாக இருந்ததைக் கண்டது. 2024 யூன் மாதம் லொஸ் ஏஞ்சல்ஸ் ரைம்ஸ் பத்திரிகை வெளியிட்ட புலனாய்வு அறிக்கையின்படி, கலிபோர்னியாவிலே சட்டபூர்வமாக விற்கப்பட்ட 42 பண்டங்களுள் 25 பண்டங்களிலே பீடைநாசினிகள் அளவுமீறிக் காணப்பட்டன. உற்பத்தியாளன் தனக்கு வேண்டிய இலக்கத்தைத் தரும் ஆய்வுகூடத்தையே நாடிச் செல்கின்றான்; ஆய்வுகூடமும் வாடிக்கையாளனை இழக்க விரும்புவதில்லை. இத்தகைய சந்தையிலே நம்பத்தக்க அறிவு எங்கே உள்ளது? பலமுறை வாங்கி, முகர்ந்து, ஒப்பிட்டு, ஏமாந்து, மீண்டும் வாங்கிய நுகர்வோனிடத்தே உள்ளது. அவ்வறிவைத்தான் அவன் மறைக்கின்றான்.

அவன் மறைக்க மறைக்கக் கடையிலே இலக்கம் ஆட்சி செய்கின்றது. விபரமறியாத வாடிக்கையாளன் எந்தப் போத்தலிலே பெரிய சதவீதம் எழுதப்பட்டுள்ளதோ அதையே எடுப்பான். கடைக்காரன் அவ்விலக்கம் இல்லாத சரக்கை ஏற்க மறுப்பான். நேர்மையாக அளந்து 18 என்று எழுதும் செய்கையாளன், 30 என்று எழுதுபவனுக்குத் தோற்றுப் போவான். அவ்வாறு தோற்றுப்போவது பெரும்பாலும் எவருடைய சரக்கு? எதனை நண்பனுக்கும் சொல்லாமல் ஒளித்து வைத்தார்களோ அதே சிறு செய்கையாளனுடைய சரக்குத்தான். அடுத்த அறுவடைக்கு அவன் இல்லை. நுகர்வோன் வெறுந்தட்டைப் பார்த்துச் சந்தையைச் சபிக்கின்றான்.

இவ்விடத்திலே எதிர்வாதிகளின் வலுவான வாதத்தை எடுத்துக்கொள்ளல் வேண்டும். பெயர் வெளிப்பட்டால் விலை ஏறும், கம்பனிகள் வந்து அப்பெயரை வாங்கும், உற்பத்தி பத்துமடங்காகும், தரம் குன்றும், ஆகவே மௌனமே செய்கையாளனைக் காப்பது என்கின்றனர் அவர்கள். இவ்வாறு நடந்ததுண்டு என்பதை நாமும் ஒப்புக்கொள்கின்றோம். ஆயின், தம் மௌனம் எவரிடமிருந்து எதை மறைக்கின்றது என்று இவர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? கடையின் கணினியிலே ஒவ்வொரு போத்தலும் எத்தனை மணிக்கு விற்றதென்ற கணக்கு உண்டு. ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் அரசாங்க மொத்த வழங்கல் நிறுவனங்களுக்கு எது எத்தனை வேகமாகத் தீர்கின்றதென்பது தெரியும். விலைக்கு வாங்க வரும் கம்பனி அக்கணக்கைப் பார்த்தே வரும். எவனோ தன் நண்பனிடம் சொன்னதைக் கேட்டு வருவதில்லை. மூலதனத்துக்கு முன்னே நிர்வாணமாக நிற்கும் தகவலை அயலான் முன்னே மட்டும் போர்த்தி மூடுகின்றோம். இதைப் பாதுகாப்பு என்பது சொல்லைத் துன்புறுத்துவதாகும்.

அல்பேர்ட் ஹேர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலொன்றிலே, அதிருப்தியுற்ற நுகர்வோனுக்கு விலகிச் செல்லுதல், குரல் கொடுத்தல் என்ற இரு வழிகளும், இவற்றை இடைநின்று நிர்ணயிக்கும் விசுவாசம் என்ற பண்பும் உள்ளன என்று எடுத்துக்காட்டினார். எமது மௌன நுகர்வோனிடம் விசுவாசம் உண்டு, குரல் இல்லை. குரலற்ற விசுவாசத்தாற் செய்கையாளனுக்குக் கிடைப்பது மாதத்துக்கு ஒரு போத்தலின் விலை மட்டுமே. உரிம விதிகளைத் திருத்தும் போராட்டத்திலே அவனுக்குப் பக்கத்துணையாக எவரும் நிற்பதில்லை. நிற்க வேண்டியவர்கள் ஒருவரையொருவர் அறியாதிருக்கின்றனர். அறியாதிருப்பதையே கெட்டித்தனம் என்று எண்ணியிருக்கின்றனர்.

நோயாளரின் நிலை இதனினும் பரிதாபகரமானது. வலிக்கோ வலிப்புக்கோ குறித்த ஒரு தயாரிப்பு மட்டும் ஒத்துப்போகும் ஒருவர் அது தீர்ந்துவிடுமோ என்று அஞ்சிப் பேசாதிருப்பதை எந்த நெஞ்சமும் மன்னிக்கும். தொழிலை இழக்கவோ குடிவரவு அனுமதியை இழக்கவோ நேருமென்று வாய் திறவாதோரும் உளர்; அமெரிக்க மத்திய அரசின் 1970ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலச் சட்டங்களைப் பொருட்படுத்தாதிருந்தமையால் அவ்வச்சத்துக்கு ஆதாரமும் இருந்தது. அவர்களை நோக்கி நாம் இதனை எழுதவில்லை. எனினும் ஒன்று சொல்ல வேண்டும். போதை குறைந்த மருத்துவப் பேதங்கள் விற்பனைக் கணக்கிலே சிறுத்துத் தோன்றுவதாலேயே கம்பனிகளாற் கைவிடப்படுகின்றன. அதனை நம்பியிருப்போர் எத்தனை பேர் என்று எவருக்கும் தெரியாதபோது அதை வளர்க்கும்படி எவர் கேட்பது?

செடி வளர்ப்போரிடையே இதற்கு நேர்மாறான மரபொன்று நெடுங்காலம் இருந்தது. 1991இல் இந்தியானா மாநிலத்திலே நடந்த இசைக்கச்சேரியொன்றிற் கைமாறிய பொட்டலத்திற் கிடந்த விதைகளிலிருந்து கெம்டோக் என்ற பேதம் தோன்றியதாக அவர்கள் கதை சொல்வர். கதை எவ்வாறாயினும், அப்பேதம் இன்றும் இருப்பதற்குக் காரணம் வெட்டுத்துண்டங்கள் கைக்குக் கை சென்றமையே. ஒரே அறையில் ஒரே தாய்ச்செடியை வைத்திருப்பவன் ஒரு நோயிலோ ஒரு பொலிஸ் சோதனையிலோ அனைத்தையும் இழப்பான். நண்பனுக்குக் கொடுத்தவன் திரும்பப் பெறுவான். பகிர்வே காப்புறுதி என்பது அவர்களுடைய அனுபவ ஞானம். பகிர்விலே ஆபத்தும் உண்டுதான். செடியைக் குறுக்கிப் பிசினைக் குறைக்கும் வைரொயிட்டு ஒன்று 2019இலே கலிபோர்னியாவின் கஞ்சாச் செடிகளிற் கண்டறியப்பட்டது. அது வெட்டுத்துண்டங்களோடும் வெட்டிய கத்தியோடும் பயணஞ் செய்தது. அதற்கு அவர்கள் கண்ட மாற்று, பரிசோதித்துச் சுத்தமான செடியைப் பகிர்தல்.

வேறு ஒழுங்கு சாத்தியமா என்று கேட்போர் உருகுவேயை நோக்கலாம். 2013 திசெம்பரிலே சட்டமாக்கிய அந்நாடு, 15 முதல் 45 வரையான உறுப்பினர் கொண்ட சங்கங்கள் 99 செடிகள் வரை வளர்த்துத் தமக்குள்ளே பங்கிட வழிசெய்தது. ஜேர்மனி 2024 யூலை முதல் 500 உறுப்பினர் வரையான வளர்ப்புச் சங்கங்களை அனுமதித்தது. ஒருவருக்கு மாதம் 50 கிராமே உச்ச அளவு. இங்கும் வழங்கல் மட்டுப்பட்டதுதான். ஆயின் எத்தனை செடி, எத்தனை உறுப்பினர், எவருக்கு எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும்; ஒளிக்க ஒன்றுமில்லை. இதைப் பொன்னுலகமென்று நாம் கூறவரவில்லை. சங்கத்தின் கதவுக்கு வெளியே நிற்பவனுக்கு அதன் உறுப்பினர் பட்டியலும் ஒரு மதிலே. தனிமனிதனின் இரகசியம் ஐந்நூறு பேரின் இரகசியமாக மாறும் அபாயம் அங்கே உண்டு. எனினும் ஐந்நூறு பேர் ஒரு கூட்டத்திலே அமர்ந்து, இவ்வறுவடை ஏன் சரிவரவில்லை என்று வாதிடுவது, போத்தலை அலுமாரியிற் பூட்டிவைத்துவிட்டு ஒருவர் தனியே மகிழ்வதிலும் பார்க்க மனிதத்தன்மை உடையது என்பது எமது துணிபு.

கலிபோர்னியாவிலும் ஒரு சிறு கதவு திறந்துதான் உள்ளது. மண்ணிலே, கூரையும் செயற்கை ஒளியுமின்றி வளர்த்த கஞ்சாவுக்கு மட்டும் அது விளைந்த இடத்தின் பெயரைச் சூட்டும் உரிமையை 2020இல் அம்மாநிலச் சட்டசபை உறுதிசெய்தது. அதற்கான விதிகள் 2022 முதல் நடைமுறைக்கு வந்தன. பிரான்சிலே திராட்சை மதுவுக்கு உள்ள இடப்பெயர் உரிமையைப் போன்றது இது. ஹம்போல்ட் மலைச்சரிவின் செய்கையாளர் பலர் தம் கடைசி நம்பிக்கையை இதன்மேல் வைத்தனர். பெயரைச் சுட்டுத்துண்டிலே பொறிக்கும் அதிகாரம் சட்டத்துக்கு உண்டு. அப்பெயரை வாயாற் சொல்லவேண்டியவர்கள் கடைவாசலிலே நண்பனைக் கண்டதும் பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு நடக்கின்றனர்.